கூடாரம் கைமாறிய கதை

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, சர்க்கரை ஆலை இருக்கிற படாளத்தையும் விட்டால் கருங்குழி. திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இப்போது எங்கள் ஊரில் பெரும்பாலும் நிற்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. இங்கே ஒரு கோட்டை இருந்தது. கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக மோதிக்கொண்டார்கள். ஹைதர் அலியோடு நடந்த போரில், 1781-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஆங்கிலப் படை அதைத் தாக்கிப் பிடித்தது. கம்பெனி ஆட்சி காலூன்றிய பிறகு செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடமாகவும் கருங்குழி சில காலம் இருந்திருக்கிறது.

ஆக, எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளும் தோப்புகளும் அந்தக் காலத்தில் பார்த்த கூடாரங்கள் சிப்பாய்களுடையவை, அவர்களுக்குப் பின் ஜமாபந்திக்கு வந்த அதிகாரிகளுடையவை. அதே ஏரிக்கரைகளில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கூடாரம் அடித்தவன் நான். அரசுப் பள்ளியில் ஆசிரியராகவும் சாரண ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். படைவீரனிடம் இருந்த கூடாரம் பிள்ளைகள் கைக்கு எப்படி வந்தது என்பதைத் தேடிப் படிப்பது என் ஓய்வுக்காலத்து வேலையாகிவிட்டது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியானது: பிள்ளையிடம் உண்மையான பொறுப்பை ஒப்படைக்கிற இடம்தான் முகாம். ஒப்படைக்காவிட்டால் அது இடம் மாறிய வகுப்பறை, அவ்வளவுதான்.

விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியில் தங்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் 1861-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்வார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் உறைவிடப் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் கன் என்ற ஆசிரியரும் அவர் மனைவி அபிகெய்லும் மாணவர்களை ஏறக்குறைய நாற்பது மைல் நடக்கவைத்து, மில்ஃபோர்ட் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு வாரம் அங்கேயே தங்கி மீன் பிடித்தார்கள், படகு விட்டார்கள், சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த ஆண்டுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. வீரர்களைப் போல நடந்துபோய் வெளியில் படுக்க வேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைத் துப்பாக்கியின் பக்கம் போகவிடாமல் கடற்கரைக்குத் திருப்பினார் அந்த ஆசிரியர்.

சாரணர் இயக்கமும் படையிலிருந்து பிறந்ததுதான். அதன் வேர் நம் நாட்டு மண்ணிலும் இருக்கிறது. அதைத் தொடங்கிய பேடன் பவல் இளம் படை அதிகாரியாக முதலில் வந்து சேர்ந்தது 1876-இல், இந்தியாவுக்கு. பிறகு 1897 முதல் மீரட்டில் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது, வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, தடம் பார்ப்பதையும் வேவு அறிவதையும் பழக்கினார். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய படைப் பயிற்சி நூல் 1899-இல் வெளிவந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அவர் காவல் நின்ற மாஃபெகிங் நகரம் முற்றுகைக்கு உள்ளானது. முற்றுகை 217 நாள் நீடித்தது. ஆட்கள் போதாத அந்த ஊரில் சிறுவர்களைக் கொண்டு ஒரு படை திரட்டினார்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அதற்குத் தலைவன். கடிதங்களையும் செய்திகளையும் அவர்கள் தவறாமல் கொண்டுசேர்த்தார்கள். நம்பிக் கொடுத்தால் சிறுவன் செய்வான் என்ற பாடத்தைப் பேடன் பவல் அங்கே கற்றுக்கொண்டார்.

1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை, இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ஏறக்குறைய இருபது பையன்களோடு அவர் ஒரு முகாம் நடத்திப் பார்த்தார். பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்களும் உழைப்பாளிகளின் பிள்ளைகளும் கலந்து வந்திருந்தார்கள். வசதியானவர்களுக்குக் கட்டணம் ஒரு பவுன். மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். எல்லோரையும் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். கட்டணத்தில் வைத்த வேறுபாட்டை அவர் கூடாரத்துக்குள் வைக்கவில்லை. முகாம் நடத்துகிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

சிறுவனுக்குச் சிறுவன் தலைவனாக இருப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மணலில் எழுத்துப் பழக்கியதும், சின்னவர்களுக்குப் பாடம் சொன்னதும், வராதவர்களை வீட்டுக்குப் போய் அழைத்துவந்ததும் அவன் வேலை. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் ஆசிரியர்கள் அந்த முறையை ஏற்க மறுத்ததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே வகுப்பு நடத்தவைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடே அது இங்கிலாந்து முழுவதும் பரவியது.

ஆனால் அந்தத் திண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்ததில்லை. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் ஏற முடியாது. பெண்பிள்ளைகளும் மிக அரிது. நம்மிடம் இருந்த நல்ல முறையைச் சொல்லும்போது இந்தக் குறையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

சாரணர் இயக்கத்திலும் இதே கதவடைப்பு நடந்தது. 1909-இல் பெங்களூரில் இயக்கம் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம். இந்தியச் சிறுவன் சாரணனாக முடியாது. அதை ஏற்காதவர்கள் நாட்டின் பல மூலைகளில் தாங்களே தொடங்கினார்கள். சென்னையில் 1916-17 காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை; இங்கிலீஷ் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. தன்னாட்சி கேட்டுக் குரல் எழுப்பிய அம்மையார், தன்னைத் தானே ஆளத் தெரிந்த பிள்ளைகளை வளர்க்கும் வேலையையும் கூடவே எடுத்துக்கொண்டதில் பொருள் இருக்கிறது. அடையாற்றில் அவர் பெயர் தாங்கிய சாரணர் முகாம் மைதானம் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்து அம்மையாரைச் சந்தித்த பிறகு அந்தச் சங்கம் பெரிய அமைப்போடு இணைந்தது. இணக்கம் நிலைக்கவில்லை. 1937-இல் டெல்லியில் நடந்த ஜம்போரி என்ற சாரணர் பெருமுகாமுக்கு வந்துபோன பேடன் பவல், இந்தியர்களின் குணத்தைக் குறைத்துப் பேசினார் என்று எழுந்த கொந்தளிப்பில் பலர் பிரிந்துபோய்த் தனி அமைப்பு கண்டார்கள். விடுதலைக்குப் பிறகுதான், 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்தவை ஒன்றாகிப் பாரத சாரணர் அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் சாரணியரும் சேர்ந்தார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃபுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருந்தது.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் ஒன்றாகத் தங்குவது என்றாலே எழுகிற கேள்வி ஒன்று உண்டு: ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களா? வ.வே.சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். நாட்டுப்பற்றும் கைத்தொழிலும் உடலுறுதியும் ஒருங்கே கற்ற பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் அங்கே பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி நடந்தது வெளியே தெரிந்து, 1925 வாக்கில் மாகாணம் முழுவதும் பேச்சானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கண்டித்தார்கள். அவர்கள் கண்டித்தது சரி என்றே இன்றுவரை நினைக்கிறேன். பாடத்தில் சமத்துவம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாப்பாட்டில் பிரித்து வைத்தால், பிள்ளையின் மனத்தில் நிற்பது சாப்பாடுதான்.

அதனால்தான் எங்கள் முகாம்களில் நான் முதலில் கவனித்தது அடுப்பை. மதுராந்தகத்துக்குப் போகிற வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தோப்புக்காரர் இடம் தருவார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே: காயில் கை வைக்கக் கூடாது. பையன்களை எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரித்து, அரிசி, துவரம்பருப்பு, புளி, வெங்காயம், எண்ணெய் எல்லாம் அளந்து அணித் தலைவனிடம் கொடுத்துவிடுவோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடுப்புக் குழி வெட்டுவது, சுள்ளி பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, உலை வைப்பது எல்லாம் அவர்கள் பாடு. கழிப்பிடக் குழியைக் கிணற்றுக்கும் அடுப்புக்கும் தூரத்தில் வெட்டி, ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூட வேண்டும். சவுக்குக் கம்பும் சணல் கயிறும் கொடுத்தால் குளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டுத் தட்டு வைக்கிற தாங்கி, செருப்பு வைக்கிற தாங்கி, துணி காய்கிற கொடி எல்லாம் கட்டிவிடுவார்கள். காலையில் கொடியேற்றம், பிறகு பார்வையிடல். சாம்பல் சிதறிக் கிடந்தால் அந்த அணிக்கு மதிப்பெண் குறையும்.

தண்ணீர், தீ, கத்தி இந்த மூன்றிலும் ஆசிரியர்கள் கண் எடுக்கமாட்டோம். கயிறு கட்டாமல், ஆசிரியர் இல்லாமல், ஏரியில் கால் வைக்கக் கூடாது. பெற்றோரின் கையெழுத்தும், பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போவது என்ற ஏற்பாடும் இல்லாமல் முகாம் கிளம்பாது. மற்றவற்றில் தலையிடமாட்டோம். சோறு அடிபிடித்தால் அடிபிடித்த சோறுதான் சாப்பாடு. யார் கிளறாமல் விட்டது என்று சண்டை வரும். அணித் தலைவன் அதைத் தீர்த்துவைப்பான். அடுத்த வேளை ஒருவன் அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பான்.

வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். அப்பா இல்லை; அம்மா செங்கல் சூளைக்கு விடியுமுன் போய்விடுவார்; வீட்டில் தங்கைக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன். முகாமில் மற்ற அணிகள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, இவன் அடுப்பு ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. மாலைக்குள் எல்லா அணியும் அவனைத் தேடி வந்தன. “டேய், உலை கொதிக்கறதுக்கு முன்னாடி அரிசி போட்டுட்டோம், இப்ப என்னடா பண்றது?” என்று வகுப்பின் முதல் மாணவன் அவனிடம் கேட்டான். அவனும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பள்ளி திறந்த பிறகு வகுப்பில் அவன் கை உயர்த்திச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தான். தான் யாருக்கும் தேவையில்லாதவன் என்ற எண்ணம் அவனை விட்டுப் போயிருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை. இரவுத் தங்கல் என்றதும் வீடுகளில் மறுத்துவிடுவார்கள். சாரணியர் பொறுப்பில் இருந்த ஆசிரியைகள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் பேசினார்கள். முதலில் பகல் முகாம். பிறகு பள்ளி வளாகத்திலேயே இரவுத் தங்கல், சில தாய்மார்களும் கூடவே. இப்படிப் படிப்படியாகத்தான் கதவு திறந்தது. சமையல் அவர்களுக்குப் புதிதல்ல. வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் வைத்துக்கொண்டு, கூட ஆண்துணை இல்லாமல், ஏரியைச் சுற்றி நடந்து வழி கண்டுபிடித்துத் திரும்பியதுதான் அவர்கள் முகத்தை மலரவைத்தது.

வாழ்க்கைத் திறன் என்ற பேச்சு இப்போது எல்லாப் பள்ளிகளிலும் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களை வகுத்துச் சொன்னது: முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆக்கபூர்வமாகச் சிந்தித்தல், ஆராய்ந்து பார்த்தல், பிறரோடு பேசுதல், உறவு பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல். இவை கரும்பலகையில் எழுதிப் போட்டு வருபவை அல்ல. செய்து பழகித்தான் பிள்ளை கற்கும் என்று முன்பே சொன்ன கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார், 1939 இறுதியில் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் இத்தாலியரான அவர் பல ஆண்டு இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கோடைக்கானலிலும் இருந்தார். சின்னஞ்சிறு பிள்ளையிடம் உண்மையான குவளையையும் உண்மையான துடைப்பத்தையும் கொடுங்கள், பொம்மையைக் கொடுக்காதீர்கள் என்பது அவர் முறையின் அடிப்படை. ஏரிக்கரையில் எங்கள் பிள்ளைகள் வைத்த உலையும் அந்தக் குவளைக்கு உறவுதான்.

எங்கள் மாவட்டத்தில் இயற்கையே பெரிய ஆசிரியர். வேடந்தாங்கல் எங்களுக்குப் பக்கம். ஏறக்குறைய 30 ஹெக்டேர் ஏரி. ஏரியில் வந்து கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டதாகவும், 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதிக் கொடுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும். பொங்கலையொட்டி அங்கே நடைப்பயணம் போகும்போது, நத்தைகுத்தி நாரையையும் சாம்பல் நாரையையும் பிரித்தறிவதோடு இந்தச் செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். படையை நிறுத்திப் பறவையைக் காத்தது தங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம், பிள்ளைகள் வெளியில் கற்கும் வரலாறு 1970-களில் புதிய திசையில் போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். 1978-இல் அங்கேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கத் தெரிந்த இருளர் பெரியவர்கள், எழுத்துப் படித்தவர்களுக்கு ஆசான்களானார்கள். முதலைப் பண்ணை கோடையில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறது. 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் சேர்ந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்துவருகிறார்கள். இரவு முழுக்க மணலில் நடந்து, தடம் கண்டு, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிற வேலை அது. 1996 டிசம்பரில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறந்தபோது குயவரும் நெசவாளரும் கூடை முடைபவரும் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. இவற்றில் எனக்குப் பிடித்தது, கற்பிக்கும் இடத்தில் உழைப்பாளி உட்கார்ந்திருப்பதுதான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டும் பரதமும் ஓவியமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் கிராமத்துப் பிள்ளைகளை வானத்தையும் பூச்சிகளையும் பார்க்கவைத்தன. இத்தனையும் இருந்தும் எங்கள் ஊர்ப் பக்கம் மே மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் கைபேசியோடு இருக்கிறார்கள், அல்லது கடையிலும் சூளையிலும் கூலிக்கு நிற்கிறார்கள். வசதியுள்ள வீடுகளில் கோடை முகாம் என்பது காலையில் இறக்கிவிட்டு மதியம் அழைத்துவருகிற இன்னொரு வகுப்பாகிவிட்டது. கீபோர்டும் கணக்கும் நல்லவைதான். ஆனால் அங்கே பிள்ளை எதற்கும் பொறுப்பில்லை. அவன் வராவிட்டால் யாருடைய சோறும் வேகாமல் நிற்காது.

இதை மாற்ற ஒன்றியத்துக்கு ஒரு முகாம் போதும். ஐந்து நாள், ஓர் ஏரிக்கரை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் கலந்த அணிகள். பிரவுன்சி தீவில் செய்ததுபோல, முடிந்தவர் கூடுதலாகக் கொடுக்கட்டும், முடியாதவர் குறைத்துக் கொடுக்கட்டும், ஒன்றுமே முடியாதவருக்கு ஊராட்சி கொடுக்கட்டும். இருளர் பெரியவர் ஒருவர் ஒரு நாள் வந்து தடம் சொல்லிக்கொடுக்கட்டும். ஒரே உலை, ஒரே பந்தி. பாதுகாப்புக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியைகள். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். பிள்ளையை நம்புகிற பெரியவர்கள் வேண்டும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முகாமிலிருந்து திரும்பிய பிள்ளை அடுப்படிக்கு வந்து, “தள்ளு அம்மா, நான் செய்யறேன்” என்று சொல்லும். ரேஷன் கடைக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்று கேட்கும். தங்கையை நான் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நிற்கும். முகாம் கொடுத்தது நிலைப்பதும் கரைவதும் அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பதிலில் இருக்கிறது. சரி என்று சொல்லுங்கள்.